மருமகள் பேரில் உடைந்த கை

எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ரெண்டு அர்த்தம். ஆளுக்கு வைத்த பேர் ஒன்று. இன்னொன்று ஒரு நாள் வேலை. காலையில் மலைக்குப் போய், சொன்ன கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டால் முழுப் பேர் போடுவார்கள். குறைந்தால் அரைப் பேர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்டால், எத்தனை நாள் வேலைக்குப் போனாய் என்று அர்த்தம். வெளியாளுக்கு இது விளங்காது. என் கை உடைந்த பிறகு, கண்டியில் ஏறிய ஒவ்வொரு ஆபீசிலும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது. நான் எங்கே சொன்னேன். கூட வந்த மருமகள் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன்.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினெட்டு வயதில் பேர் பதிந்தேன். அறுபதில் பேரை வெட்டிவிட்டார்கள். அது எல்லாருக்கும் நடக்கிறதுதான். ஆனால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவில் குடியிருக்க, வீட்டில் ஒரு ஆள் பேராவது செக்ரோலில், வேலையாள் பேர் பதிகிற புத்தகத்தில், இருக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. எழுதி வைத்த சட்டமா, வாய்ச்சட்டமா, எனக்குத் தெரியாது. எல்லாரும் பயப்படுவோம். என் மகன் கொழும்பில் கட்டட வேலை. மருமகள் பேர்தான் செக்ரோலில் இருந்தது. அவளுக்குக் கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. காலையில் பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வருவாள். அதனால் அவள் பேருக்கு நான் மலைக்குப் போனேன்.

இது ஒளிவு மறைவாக நடந்தது இல்லை. மூன்று நாலு வீட்டில் இப்படித்தான். வேலை வாங்கிப் பேர் போடுகிற கங்காணிக்குத் தெரியும். எங்கள் கங்காணி பொம்பளை. என்னை விட பத்து வயது இளையவள். ஒரு காலத்தில் நானும் அவளும் ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். "அக்கா, நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னாள். அவ்வளவுதான் பேச்சு.

முதல் நாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது மருமகள் பேரைக் கூப்பிட்டாள். நான் சும்மா நின்றேன். பக்கத்தில் நின்றவள் என் விலாவில் ஒரு குத்து விட்டாள்.

"அடியே புது மருமகளே, ஒன்னயத்தான் கூப்புடுறாங்க."

"இருக்கேன்" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"என்னா, ஒன் மாமியாக்காரி சோறு போடலயா? சத்தமே வரல?"

"அவ பொல்லாதவ புள்ள. ராக்கொள்ளி மாதிரி இருப்பா. பாத்து இருந்துக்க" என்று இன்னொருத்தி. அந்த மாமியாக்காரி நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். ஆறு வருசம் அந்தப் பேருக்கு "இருக்கேன்" சொன்னேன். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பழகிப்போனது.

விழுந்த அன்று மழை இல்லை. முந்தின நாள் பெய்த ஈரம். மேல் மலையில் நாலாம் நிரை. பாதி பை நிறைந்திருந்தது. கான் ஒன்று இருந்தது. தண்ணி ஓட வெட்டி விடுகிற கான்தான். ரெண்டு மூன்று மாதமாக அதைத் துப்புரவு செய்யவில்லை, புல் மூடியிருந்தது. எனக்குத் தெரியும் அங்கே கான் இருக்கிறது என்று. தெரிந்தும் காலை வைத்தேன், காலை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வலது கையை ஊன்றினேன். உடம்பும் பையும் கை மேல் வந்தது. கவ்வாத்து வெட்டிய மிளாறு காலில் மிதிபட்டால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் கேட்டது. வலி உடனே வரவில்லை. என் கை வேறு யாருடைய கையோ மாதிரி மணிக்கட்டில் மடங்கிக் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கங்காணிதான் இறங்கி வந்து தூக்கினாள். தலைத்துண்டை அவிழ்த்துக் கையைக் கட்டினாள். லொறியில் ஏற்றும்போது என் காதுகிட்ட வந்து சொன்னாள்.

"பேரப் பத்தி யோசிக்காதக்கா. பேரு அப்பிடியே இருக்கு. பேர விட்டுற மாட்டேன்."

அன்றைக்கு முழுப் பேர் போடுகிறேன், சம்பளம் போகாது என்றுதான் அவள் சொன்னது. நல்ல மனசோடு சொன்னது. எனக்கு அந்த நேரம் வேறு மாதிரி விளங்கியது. மருமகள் பேரிலேயே இரு, அதை விட்டுவிடாதே என்று சொல்கிறாள் என நினைத்தேன். ஒரு வார்த்தைதான். நான் ஒரு நிமிசம் நின்று "என்னா கங்காணி சொன்ன?" என்று கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கண்டியில் ஒரு ஆஸ்பத்திரி. லொறி டிரைவர் இறக்கி விட்டுவிட்டு, கொழுந்து ஏற்ற வேண்டும் என்று போய்விட்டார். கண்ணாடிக்கு உள்ளே இருந்தவர் சிங்களத்தில் பேர் கேட்டார். அந்த அளவு சிங்களம் எனக்கு வரும். மருமகள் பேரைச் சொன்னேன். வயசு கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். அவள் வயசு அதுதான். ஐடென்டிகாட் வீட்டில் இருக்கிறது என்றேன்.

புருசன் பேர் கேட்டார்.

நான் என் வீட்டுக்காரர் பேரை வாயால் சொன்னவள் இல்லை. அவர் செத்த பிறகும் சொல்லவில்லை. ஆபீஸ் வேலைக்கு யாராவது கூட வந்து சொல்வார்கள். இப்போது அவர் பேரும் சொல்ல முடியாது. மருமகள் பேர் கொடுத்தால் மருமகளுடைய புருசன் பேர்தான் கொடுக்க வேண்டும். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். நான் என் மகன் பேரைச் சொன்னேன்.

பெற்ற இருபதாம் நாள் நான் அவன் காதில் மூன்று தரம் சொன்ன பேர். அதை அங்கே புருசன் பேராக எழுதினார்கள்.

தள்ளுகட்டிலைத் தள்ள வந்தவர் பேரும் வயசும் எழுதிய துண்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். இன்னொருவரிடம் சிங்களத்தில் சொன்னார். "நாப்பத்தொண்ணாம். பாவம், தோட்டத்து ஆளுகள் சீக்கிரம் கிழண்டு போறாங்க." யாரும் சந்தேகப்படவில்லை. அறுபத்தாறு வயசு முகத்தை நாற்பத்தொன்று என்று நம்பினார்கள். அதைக் கேட்டு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேலே லைட்டுகள் ஒவ்வொன்றாகப் போனது. எண்ணிக்கொண்டே போனேன்.

வாட்டில் ஐந்து நாள் இருந்தேன். கைக்கு உள்ளே கம்பி வைத்தார்கள். மறுநாள் மருமகள் வந்து கட்டில்கிட்ட நிற்கும்போது நர்ஸ் பேரைக் கூப்பிட்டது. மருமகள் "ஆ, என்ன மிஸ்?" என்று திரும்பினாள். நானும் தலையைத் தூக்கினேன். நர்ஸ் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு என் வாயில் மாத்திரையைப் போட்டுப் போய்விட்டது.

வீட்டுக்குப் போகிற அன்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த காட்டை மருமகள் வாசித்தாள்.

"அத்த, இதுல எனக்கில்ல கை ஒடஞ்சிருக்கு!" என்று சிரித்தாள். "கடைல லீவு கேக்கலாம் போல."

பிறகு கீழே வாசித்தாள். சிரிப்பு நின்றது. புருசன் பேர் இருந்த இடத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டு காட்டை மடித்துப் பையில் வைத்தாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்று வரைக்கும் பேசவில்லை.

எலும்பு பொருந்தியது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வரவில்லை. நரம்பு நசுங்கிவிட்டது என்று சொன்னார்கள். கொழுந்து கிள்ளுகிறது அந்த ரெண்டு விரலும்தான். சோறு பிசைகிறதும் அதுதான். கரண்டியால் சாப்பிடப் பழகினேன். அடுப்புக்கிட்ட கை வைத்தால் சுடுகிறதா என்று தெரியாது, தோல் பொத்துக்கொண்ட பிறகு பார்த்துத் தெரிந்துகொள்வேன். யாராவது "எப்பிடியிருக்கு?" என்று கேட்டால் "இருக்கு" என்பேன்.

கங்காணி மூன்று நாள் முழுப் பேர் போட்டாள். நான் விழுந்த அன்றும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அடுத்த ரெண்டு நாளும். செக்ரோலில் மருமகள் அந்த மூன்று நாளும் மேல் மலையில் கொழுந்து எடுத்திருக்கிறாள். அதே மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கை உடைந்தும் கிடந்திருக்கிறாள். துணிக்கடையில் சீலை மடித்தும் இருக்கிறாள். நல்லது செய்யத்தான் போட்டாள். அதுதான் பிறகு கழுத்தைப் பிடித்தது.

மருமகள் வேலைக்குப் போகிற வழியில், கோர்ட்டுப் பக்கம் ஒரு மாடியில், காசில்லாமல் சட்ட உதவி செய்கிற ஆபீஸ் ஒன்றின் போர்டு இருந்தது. வேலையில் காயப்பட்டால் நட்டஈடு என்று அதில் தமிழிலும் எழுதியிருந்ததாம். "ஒரு தரம் போய்க் கேட்டுத்தான் பாப்பமே அத்த" என்றாள். நான் சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும்.

பஸ்ஸில் கலஹா தாண்டும்போது மருமகள் ஒரு யோசனை சொன்னாள்.

"அத்த, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரிக் காட்டுல என் பேருதான இருக்கு? செக்ரோல்லயும் என் பேரு. பேசாம நானே கையக் கட்டிக்கிட்டு போயிர்றேன். எல்லாக் கடுதாசியும் ஒத்துப்போயிரும்."

"ஒன் கை நல்லாத்தான இருக்கு?"

"கட்டுப் போட்டா யாருக்குத் தெரியும்?"

முன் சீட்டில் இருந்த ஐயா ஒருவர் திரும்பிப் பார்த்தார். நாங்கள் ரெண்டு பேரும் வெளியே பார்த்தோம்.

குட்செட் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தோம். மாடிப்படி செங்குத்து. வக்கீல் சின்ன வயசுப் பெண். முஸ்லிம் பிள்ளை, தலையில் கறுப்புத் துணி சுற்றியிருந்தது. கதிரையை அதுவே இழுத்துப் போட்டு "இரிங்கம்மா" என்றது. மருமகள் எல்லாவற்றையும் சொன்னாள். பேர் என்றால் என்ன என்பதில் தொடங்கிக் கான் வரைக்கும். கடைசியில், தானே கட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் என்ன என்றும் கேட்டுவிட்டாள்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தது.

"தங்கச்சி, உங்கட கைய டொக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா ஒண்ணும் ஈக்காது. பொறகு நீங்க ரெண்டு பேரும்தான் பொலிசுல ஈக்க வரும்."

மருமகள் முகம் சிவந்துபோனது. "சும்மா கேட்டேன் மிஸ்."

"கேளுங்க, பரவாயில்ல. கேக்காமச் செஞ்சாத்தான் வம்பு." பிறகு என் பக்கம் திரும்பியது. "அம்மா, நான் சொல்றத ஆறுதலாக் கேளுங்க. நட்டஈடு பேருக்கு இல்ல. காயம் பட்ட ஆளுக்குத்தான். வேலை செய்யிற எடத்துல, வேலையால வந்த காயம்னா அவங்க பதில் சொல்லத்தான் வேணும். கவனமில்லாம கால வச்சது உங்கட பிழைன்னு சொல்லுவாங்க. அதுக்குப் பயப்பட வேணாம், வழுக்கி விழுறதுக்கும் சட்டத்துல எடம் ஈக்கு."

"செக்ரோல்ல இவங்க பேரே இல்லயே மிஸ்" என்றாள் மருமகள்.

"அதுதான் கஸ்டம். அப்ப இவங்க அங்க வேலை செஞ்சாங்கன்னு காட்ட வேணும். பாத்தவங்க வந்து சொல்ல வேணும். இவங்க ஒரு சத்தியக்கடதாசி குடுக்க வேணும். நான் இன்னார், மருமகள் பேருல ஆறு வருசம் வேலை செஞ்சேன், ஆஸ்பத்திரியில பேர மாத்திச் சொன்னேன்னு. எல்லாத்தையும் உள்ளபடி."

"அதக் குடுத்தா என் பேர வெட்டிருவாங்களே."

"வெட்டப் பாப்பாங்க."

"காம்பராவ?"

"அதுக்கும் கடிதம் வரலாம். வந்தா என்கிட்ட கொண்டு வாங்க, அத அப்பிடி லேசா எடுக்க ஏலாது. ஆனா ஒண்ணும் வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்." அது கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தது. "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?"

அப்படி யாரும் கேட்டதில்லை. நான் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். "தெரியலீங்க" என்றேன்.

"சரி. யோசிச்சிட்டு வாங்க. கனக்க நாள் எடுக்க வேணாம், காலம் கடந்தா கேக்க ஏலாது. யாராவது ஒரு தாளக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டா, வாசிக்காம வைக்க வேணாம். விளங்குதா?"

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றும்போதுதான் மருமகள் சொன்னாள். "காம்பரா போனா எங்க போறது அத்த? டவுன்ல வாடகைக்கு நம்மளால முடியுமா?" நான் முடியாது என்றேன். "அப்ப விட்டுருவமா?" விட்டுருவோம் என்றேன். அவள் சொன்னதற்கெல்லாம் நான் ஆமாம் போட்டுக்கொண்டு இருந்தேன். அவள் அழுதாள். ஏன் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் பக்கத்தில் போக வேண்டும் என்று தோன்றவில்லை.

நாங்கள் கண்டிக்குப் போய் வந்தது எப்படியோ ஆபீசுக்குத் தெரிந்துவிட்டது. தோட்டத்தில் தும்மினால் கூட ஆபீசுக்குக் கேட்கும். ரெண்டு நாள் கழித்து மலை வேலை பார்க்கிற பீல்ட் ஐயா லயத்துக்கே வந்தார். வாசலில் நின்றுகொண்டு தன்மையாகத்தான் பேசினார்.

"ஆத்தா, நீங்க பழைய ஆளு. ஒங்களுக்கு எதிரா நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம். வீட்டுப் படியில வழுக்கி விழுந்தேன்னு இதுல ஒரு கையெழுத்து வச்சிட்டா போதும். மருமக பேரத் தொட மாட்டோம். காம்பராவும் அப்பிடியே இருக்கும்."

டைப் அடித்த தாள். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள், எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அவர் அவசரப்படுத்தவில்லை. முதல் வரியில் என் பேர் இருந்தது. என் பேர். என் வீட்டுக்காரர் பேர். என் வயசு அறுபத்தாறு. ஐடென்டிகாட் நம்பர் கூடச் சரியாக இருந்தது. எங்கே எடுத்தார்களோ. சின்ன வயசிலிருந்து என் பேரை ஆபீசில் ஒரு தரம் கூடப் பிழையில்லாமல் எழுதியதில்லை, ஒரு எழுத்துப் போகும் அல்லது ஒரு எழுத்துக் கூடும். இதில் பிழையே இல்லை.

உடைந்த கையைப் பற்றி இருந்த எல்லாத் தாளிலும் மருமகள் பேர். என் பேர் இருந்த ஒரே தாள், நான் அன்றைக்கு வேலையிலேயே இல்லை என்று சொல்கிற தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் இதைச் சொல்ல நன்றாக இருக்கும். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவர் பேனாவை நீட்டினார். வலது கையால் வாங்கினேன். பேனா கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தார். திரும்பவும் விழுந்தது.

"விரல் புடிக்கிதில்லீங்க" என்றேன்.

"பெருவிரல் அடையாளம் வச்சாலும் சரிதான் ஆத்தா."

"மருமக வரட்டுங்க."

அவர் தாளை வைத்துவிட்டுப் போனார். மருமகள் வந்ததும் கொடுத்தேன். வாசித்தாள். "என்னத்த செய்றது?" என்று கேட்டாள். நான் நாளைக்குக் கண்டிக்குப் போவோம் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "வெட்டுனா வெட்டட்டும், இல்லயா அத்த?" என்றாள். நான் அந்தத் தாளை மடித்து அவள் பையில் வைத்தேன்.

சத்தியக்கடதாசியில் இடது கையால் கையெழுத்து வைத்தேன். ரெண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி இருந்தது. வக்கீல் அந்த வீட்டுப் படித் தாளையும் வாங்கிப் பைலில் வைத்துக்கொண்டது. "இத விடிய விடியத் தேடினாலும் கெடைக்காது, அவங்களே கொண்டுவந்து தந்திருக்காங்க" என்றது. எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

அதற்குப் பிறகு கையை அளக்க ஒரு டொக்டரிடம் அனுப்பினார்கள். எவ்வளவு போய்விட்டது என்று அவர் எழுதித் தர வேண்டும். அவர் என் கண்ணை மூடச் சொன்னார். ஊசியால் தொடுவேன், தெரியும்போது சொல்லுங்கள் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் எப்போது தொடங்குவார் என்று காத்துக்கொண்டு இருந்தேன். வெளியே யாரோ இருமினார்கள். அவர் தொடங்கவே இல்லை என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். பெருவிரலில் நாலு இடத்தில் சின்னச் சின்னதாக ரத்தம் நின்றது. அவர் எழுதிக்கொண்டு இருந்தார்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. பெரிய கோர்ட்டு என்று நினைத்து நான் புதுச் சீலை கட்டிப் போனேன். ஒரு மேசை, ஒரு காற்றாடி, விசாரிக்கிற ஐயா. அந்தப் பக்கம் பீல்ட் ஐயாவும் தோட்டத்து வக்கீலும். பின்னால் பெஞ்சில் கங்காணி. தோட்டத்துக்காரர்களுடைய சாட்சியாக வந்திருந்தாள். நான் விழுந்ததிலிருந்து அவள் எங்கள் வீட்டுப் பக்கம் ரெண்டு தரம்தான் வந்தாள். கண்டிக்குப் போகத் தொடங்கிய பிறகு வரவே இல்லை.

தோட்டத்து வக்கீல் செக்ரோலைக் காட்டினார். இந்தப் பேரில் ஒரு ஆளே இல்லை. விழுந்ததாகச் சொல்கிற நாளிலும், அடுத்த ரெண்டு நாளிலும் மருமகள் முழுப் பேர் எடுத்திருக்கிறாள். எங்கள் தோட்டத்தில் அன்று யாருக்கும் காயம் இல்லை. அவர் பொய் சொன்ன மாதிரியே இல்லை. தாளில் இருந்ததைத்தான் சொன்னார்.

கங்காணியைக் கூப்பிட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. காற்றாடியைப் பார்த்தாள்.

விசாரிக்கிற ஐயா கேட்டார். "அன்னைக்கு மேல் மலையில யாராவது விழுந்தாங்களா?"

அவள் வாயைத் திறந்து மூடினாள். தோட்டத்து வக்கீல் செருமினார்.

"விழுந்தாங்க சார்."

"யார்?"

"இந்தக்கா."

"இவங்க பேர் செக்ரோல்ல இல்லயே?"

"பேரு யாருதோ இருக்கட்டும் சார். நான்தான் தூக்குனேன். என் தலத்துண்டுலதான் கையக் கட்டுனேன். அது இன்னும் இவங்க வீட்லதான் கெடக்கு, திருப்பிக் கூடக் குடுக்கல."

யாரோ சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. துவைத்து மடித்து வைத்திருந்தேன், அவள் வராததால் கொடுக்கவில்லை.

"அப்ப இந்த மூணு நாளும் வேலைக்கு வந்ததா எழுதினது பொய்யா?"

"ஆமா சார்."

"யார் எழுதச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. கை ஒடஞ்சு கெடக்குற ஆளுக்குப் பேரு போகக் கூடாதுன்னு நானா போட்டேன். தப்புன்னா தப்புதான்."

பீல்ட் ஐயா தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எங்கள் வக்கீல் அந்த வீட்டுப் படித் தாளை எடுத்து மேசையில் வைத்தது. எந்த ஆள் தோட்டத்தில் இல்லவே இல்லை என்று சொன்னார்களோ, அந்த ஆளிடம் கையெழுத்துக் கேட்டு ஏன் லயத்துக்குப் போனார்கள் என்று கேட்டது. விசாரிக்கிற ஐயா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்கள் பேர் என்ன என்று. சொன்னேன். கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றார். இன்னொரு தரம் சொன்னேன்.

நட்டஈடு கிடைத்தது. தீர்ப்புத் தாளில் என் பேர் இருந்தது, ஒரு எழுத்துக் குறைவு. வக்கீல் அதைத் திருத்த இன்னொரு நாள் அலைந்தது. மருமகள் பேரை அடுத்த மாதமே செக்ரோலில் வெட்டிவிட்டார்கள். காம்பராவை விடச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. வக்கீல் பதில் எழுதியது. இன்னும் அந்தக் காம்பராவில்தான் இருக்கிறோம். எவ்வளவு நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. மகன் போன் எடுத்து "சந்தோசமாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

கங்காணியைக் கங்காணி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்பவும் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிரைக்கு வந்தாள். பிறகு ஒரு நாள் வேலைக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பொய்ப் பேர் போட்டவள் என்று. ஊரில் நாலு வீட்டுக்காரர்கள் என்னைத் திட்டினார்கள். மற்ற வீட்டிலும் மருமகள் பேரில், மகள் பேரில் போய்க்கொண்டு இருந்தவர்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். என் வாசலில் யாரும் வந்து பேசவில்லை. நான் முன்னமும் அதிகம் பேசியவள் இல்லை என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்காணி வந்தாள். கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அந்த வக்கீல் புள்ள இருக்குற எடம் எங்க?"

"கண்டியில. கோர்ட்டுப் பக்கம்."

"கண்டின்னா கண்டி முழுக்கவா தேடுறது? எந்தப் பக்கம், எத்தனாவது மாடி?"

எனக்கு வழி சொல்ல வராது. ரோட்டுப் பேரும் தெரியாது. "நானும் வாறேன்" என்றேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஒரே சீட்டில் இருந்தோம். பேராதனையில் பஸ் நெரிசலில் நின்றபோது திடீரென்று சொன்னாள்.

"ஒன்னாலதான் எனக்கு இந்தக் கதி."

"ஆமா."

"ஆமாங்குறா பாரு! ஒரு பேச்சுக்காவது இல்லன்னு சொல்லக் கூடாதா? கல்லாக்கா நீ?"

அவள் சொன்னது உண்மை. அவள் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "கை எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். "வரல" என்றேன். "எல்லாம் எடுத்துக்கிட்டு வந்தியா நீ? ஐடென்டிகாட் கொண்டுவரணும்னு சொன்னியே, எனக்கு மட்டுமா, ஒனக்குமா?" என்று கேட்டாள். அவளுக்கு மட்டும்தான் என்றேன்.

படி ஏறும்போது அவளுக்கு முழங்கால் நொந்தது. நான் முன்னால் போனேன். மாடியில் நம்பர் துண்டு கொடுக்கிறவர் யாருக்கு என்று கேட்டார். அவள் என் பின்னால் நின்றுகொண்டு பேசாமல் இருந்தாள். காலைப் பெரட்டில் மலையே கேட்கக் கத்துகிறவள். நான் "இவங்களுக்குங்க" என்றேன். துண்டை வாங்கி அவள் கையில் கொடுத்தேன். எங்களுக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். நாங்கள் பெஞ்சில் இருந்தோம்.